எகிப்தின் பழைய படங்கள்: ஏழு இரவுக்கு ஏழு

வெளிநாட்டு நகரம் ஒன்றில் எகிப்தின் பழைய படங்களுக்கென்று ஒரு வாரம் நடக்கிறது என்றால், அழைப்பிதழைப் பார்க்காமலேயே இரண்டு பெயர்களை ஊகித்துவிடலாம். யூசுஃப் ஷாஹீன் 1958இல் எடுத்த ‘பாப் அல்-ஹதீத்’ இருக்கும். ஷாதி அப்துஸ்ஸலாம் 1969இல் எடுத்த ‘அல்-மூமியா’ இருக்கும். துபாய்ப் பட விழா 2013இல் வெளியிட்ட நூறு சிறந்த அரபுப் படங்களின் பட்டியலில் ‘அல்-மூமியா’வுக்கு முதலிடம், ‘பாப் அல்-ஹதீத்’துக்கு இரண்டாமிடம். தேர்வில் பிழை சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘பாப் அல்-ஹதீத்’ வெளிவந்தபோது கெய்ரோ ரசிகர்களுக்கு அது அறவே பிடிக்கவில்லை. ‘அல்-மூமியா’ வெளிநாட்டு விழாக்களைச் சுற்றிவிட்டு, சில ஆண்டுகள் கழித்தே சொந்த ஊர்த் திரையரங்குக்கு வந்தது. ஆக, எகிப்தியர்கள் அந்நாளில் ஏற்காத படமும் பார்க்காத படமும்தான் அந்நாட்டு சினிமாவின் முகமாக வெளியே போகின்றன. மொராக்கோ முதல் ஈராக் வரை மூன்று தலைமுறை மக்கள் பார்த்துச் சிரித்த, அழுத, வசனம் ஒப்பித்த படங்கள் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

இந்தக் கட்டுரை ஓர் எகிப்தியப் படம்கூடப் பார்த்திராதவருக்கு. இரவுக்கு ஒரு படம் என்று ஏழு இரவுகளுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். மேலே சொன்ன இரண்டும் அதில் உண்டு. ஆனால் முதலில் இல்லை. ஏன் முதலில் இல்லை என்பதுதான் சொல்ல வந்த விஷயமே.

எந்தக் காலத்தைச் சொல்கிறார்கள்?

எகிப்துக்கு சினிமா மிகச் சீக்கிரம் வந்தது. பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணக் காட்சி நடத்தி ஓராண்டு ஆவதற்குள், 1896 நவம்பரில், அலெக்சாண்ட்ரியாவில் அவர்களுடைய படங்கள் ஓடின. அந்நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று பொதுவாகச் சொல்லப்படும் ‘லைலா’ 1927இல் வந்தது. அதைத் தயாரித்து நடித்தவர் அஸீஸா அமீர் என்ற பெண். இது ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். பஹீஜா ஹாஃபிஸ், ஃபாத்திமா ருஷ்தி, லெபனானிலிருந்து வந்த ஆஸியா தாகிர் என்று அந்தத் தலைமுறையில் படம் தயாரித்த பெண்கள் பலர். 1963இல் சிலுவைப் போர்க் கால சுல்தான் சலாஹுத்தீனைப் பற்றி ஷாஹீன் இயக்கிய பிரம்மாண்டமான வண்ணப்படத்துக்குப் பணம் போட்டவர் இந்த ஆஸியாதான்.

1932இல் படங்கள் பேசத் தொடங்கின. பேசத் தொடங்கியதும் பாடவும் தொடங்கின. இசைத்தட்டிலும் மேடையிலும் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த முஹம்மது அப்துல் வஹாப் 1933இல் ‘அல்-வர்தா அல்-பைதா’வில் நாயகனாக வந்தார். பாடகர்களின் புகழைத் திரைக்கு மாற்றினால் பணம் வரும் என்பது தெளிவாகிவிட்டது. கெய்ரோவின் பெரிய குரல்கள் எல்லாம் அதன்பிறகு கேமரா முன் நின்றன. உம்மு குல்தூம்கூட 1936க்கும் 1947க்கும் இடையில் ஆறு படங்களில் நடித்தார். நடிப்பு அவருக்கு அவ்வளவாக வரவில்லை என்பது என் கருத்து; யாருக்கும் அது பொருட்டாக இருந்ததில்லை.

அந்த ஆறில் முதலாவதான ‘விதாத்’, ஸ்டூடியோ மிஸ்ரின் முதல் படமும்கூட. இந்த ஸ்டூடியோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பிடியில் இருந்த நாட்டில், எகிப்தியர் பணத்தால் எகிப்தியர் தொழில் வளர வேண்டும் என்று 1920இல் பாங்க் மிஸ்ரைத் தொடங்கியவர் தலாத் ஹர்ப். நெசவாலை, கப்பல், விமானம் என்று வங்கியின் கிளைகள் விரிந்தன. 1935இல் கீஸாவில் பிரமிடுகளுக்குப் போகும் வழியில் திறந்த ஸ்டூடியோவும் அந்த வரிசையில் ஒன்றுதான். கலைக்கூடம் என்று எண்ணி அவர் அதைக் கட்டவில்லை. சுதேசித் தொழிற்சாலையாகக் கட்டினார். இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அவர்கள் தேறும்வரை ஜெர்மனியிலிருந்து ஆள் வரவழைத்தார். ‘விதாத்’தை இயக்கியவர் ஃப்ரிட்ஸ் கிராம்ப் என்ற ஜெர்மானியர். ஒலிப்பதிவுக் கூடமும் படம் கழுவும் கூடமும் ஒரே வளாகத்துக்குள் இருந்ததால் படங்கள் வேகமாக வெளிவந்தன. 1950களில் ஆண்டுக்குச் சுமார் ஐம்பது படங்கள் என்ற நிலை வந்தது.

ஐம்பது படங்களை எகிப்து மட்டும் தாங்காது. பெய்ரூத், டமாஸ்கஸ், பாக்தாத், கார்ட்டூம், துனிஸ் எல்லாம் கெய்ரோவின் சந்தைகள். பக்கத்து நாடுகளில் பெரும்பாலும் இந்த அளவுக்குத் தொழில் வளரவில்லை. அதனால் கெய்ரோத் தெருவில் பேசும் அரபு, படத்தின் வழியாகவும் வானொலியின் வழியாகவும் அரபுலகம் முழுவதற்கும் காதில் பழகிப்போனது. ஆட்களும் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஃபரீத் அல்-அத்ரஷும் அவர் தங்கை அஸ்மஹானும் சிரியாவில் துரூஸ் என்ற சிறுபான்மைச் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தினர். லைலா முராத் எகிப்திய யூதப் பாடகர் ஸக்கி முராதின் மகள். டோகோ மிஸ்ராஹி என்ற இயக்குநர் அலெக்சாண்ட்ரியாவின் இத்தாலிய யூதர். ஒளிப்பதிவாளர் அல்வீஸே ஓர்ஃபனெல்லியும் அதே ஊர் இத்தாலியர்.

1952 ஜூலையில் ராணுவ அதிகாரிகள் மன்னர் பாரூக்கை அகற்றினார்கள். பாஷா, பே என்ற பிரபுப் பட்டங்கள் ஒழிந்தன, நிலச் சீர்திருத்தம் வந்தது. சினிமா உடனே தலைகீழாகிவிடவில்லை. வில்லன்கள் மட்டும் மெல்ல மாறினார்கள். அதுவரை தாராள மனசுக்காரராக வந்துகொண்டிருந்த பாஷா, ஏழை விவசாயியின் நிலத்தைப் பறிப்பவராக வரத் தொடங்கினார். 1959இல் அரசு திரைப்படக் கல்லூரி திறந்தது; 1960களின் தொடக்கத்தில் ஸ்டூடியோக்களும் விநியோகமும் அரசின் கைக்குப் போயின. தனியார் முதலாளி துணிய மாட்டாத நாவல்களெல்லாம் அரசுப் பணத்தில் படமாயின. கோப்பு நகராமல் கிடந்த படங்களும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அரசு படத் தயாரிப்பிலிருந்து ஒதுங்கியது. செவ்வியல் காலம் என்று நான் சொல்வது ஏறத்தாழ 1940களிலிருந்து இதுவரைக்கும்.

நமக்கும் இதற்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க–ஆசியத் திரைப்பட விழாவில்தான் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் விருது பெற்றார். அன்று கெய்ரோ தன் சினிமாவின் உச்சத்தில் இருந்தது. உணர்ச்சியை அடக்காத நடிப்பும் நீண்ட வசனமும் நடுவே வரும் பாட்டும் அந்த ஊருக்குப் புதிதல்ல. தமிழில் ஐம்பதுகளின் படங்களைப் பார்த்துப் பழகியவருக்கு எகிப்தியப் படம் பார்க்கத் தனிப் பயிற்சி தேவையில்லை என்று நான் துணிந்து சொல்வது அதனால்தான்.

முதல் இரவு: பாட்டும் சிரிப்பும்

‘கஸல் அல்-பனாத்’, 1949. அன்வர் வக்தி இயக்கம். நஜீப் அர்-ரிஹானி ஏழை அரபு வாத்தியார். பள்ளி வேலை போய்விடுகிறது. அரபுத் தேர்வில் தோற்ற பாஷா மகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறார். மகள் லைலா முராத். மாளிகையில் பளபளப்பாக உடுத்தி வரும் வேலையாட்களையெல்லாம் பாஷா என்று நினைத்துக் கும்பிடுகிறார். உண்மையான பாஷா எளிய உடையில் தோட்டத்தில் நிற்கும்போது அவரைத் தோட்டக்காரராக நினைத்து அதட்டுகிறார். நாயைப் பார்த்துக்கொள்பவனின் சம்பளம் வாத்தியார் சம்பளத்தைவிட அதிகம். நகைச்சுவைக்குள் இவ்வளவு கசப்பை ஒளித்து வைக்க ரிஹானியால்தான் முடியும்.

பிறகு வாத்தியாருக்கு மாணவிமேல் காதல். அவளுக்கு இவர் வேடிக்கையான கிழவர். அவள் மனம் வேறொரு மோசடிக்காரனிடம் இருக்கிறது. இரவெல்லாம் ஓடித் திரிந்து ஒரு பெரிய வீட்டில் நுழைகிறார்கள். அது நடிகர் யூசுஃப் வஹ்பியின் வீடு; அவர் அவராகவே வருகிறார். உள்ளே அப்துல் வஹாப், அவரும் அவராகவே, வாத்தியக் குழுவுடன் பாடிக்கொண்டிருக்கிறார். உடலைக் கேட்காமல் உயிரை நேசிப்பவனைப் பற்றிய பாட்டு. கேமரா பாடகரை விட்டுவிட்டு ரிஹானியின் முகத்துக்குப் போகிறது. தான் யார், தனக்கு என்ன கிடைக்காது என்பது அந்த முகத்துக்குப் புரிகிறது, கண்ணீர் வருகிறது. கதையை நிறுத்தி வைக்கும் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது கதையின் முடிச்சையே அவிழ்த்துவிடுகிறது.

படம் திரைக்கு வருமுன் 1949 ஜூனில் ரிஹானி காலமானார். எகிப்தியர்கள் அந்த முகத்தை அதையும் நினைத்துக்கொண்டே பார்த்தார்கள்.

இந்தப் படத்தை வெளிநாட்டு வாரங்களில் சேர்க்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் சப்டைட்டில். ரிஹானியின் நகைச்சுவை முழுக்கப் பேச்சில் இருக்கிறது. பாடல் வரிகளையோ பல பிரதிகளில் மொழிபெயர்ப்பதே இல்லை. பாட்டு தொடங்கியதும் கீழே எழுத்து நின்றுவிடும். இசை நிகழ்ச்சிக்கு இடையில் கதை வருகிறது என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். பாட்டுக்கு எழுத்து உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வரிகளைத் தேடி வாசித்துவிட்டுப் போவது நல்லது.

இரண்டாம் இரவு: கெய்ரோத் தெரு

‘ஹயாத் அவ் மவ்த்’, 1954, கமால் அஷ்ஷெய்க் இயக்கம். நோயாளித் தகப்பனுக்கு மருந்து வாங்கச் சிறுமி நகரத்தைக் கடந்து போகிறாள். மருந்து கலந்தவர் தவறாக விஷத்தைக் கலந்துவிட்டதை அவள் போன பிறகு உணர்கிறார். வீடு எங்கே என்று தெரியாது. போலீஸ் தேடுகிறது, வானொலி அறிவிக்கிறது: மகளை அனுப்பி வாங்கிவரச் சொன்ன மருந்தைக் குடிக்காதே, அதில் கொடிய விஷம் இருக்கிறது. எகிப்தில் அந்த அறிவிப்பை இன்றைக்கும் கிண்டலுக்குச் சொல்லிக் காட்டுவார்கள். பெரும்பகுதி நிஜத் தெருக்களில் எடுத்த படம். டிராமும் கடைகளும் கூட்டமும் செட் அல்ல. அரபுப் படம் என்றாலே மெதுவாக நகரும் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

மூன்றும் நான்கும்: ஒரே நடிகர்

இந்த இரண்டு இரவுகளையும் பிரிக்கக் கூடாது.

‘அல்-ஃபுதுவ்வா’, 1957. இயக்குநர் ஸலாஹ் அபூ ஸைஃப், ஸ்டூடியோ மிஸ்ரில் படத்தொகுப்பாளராக இருந்து வந்தவர். எகிப்திய யதார்த்தவாதம் என்றால் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் நஜீப் மஹ்ஃபூஸ், 1988இல் நோபல் பரிசு பெற்ற அதே மஹ்ஃபூஸ். அவரைத் திரைக்கதைக்கு இழுத்து வந்தவரும் அபூ ஸைஃப்தான். நாவலாசிரியர் என்று உலகம் அறிவதற்கு முன் கெய்ரோ சினிமாக்காரர்கள் மஹ்ஃபூஸைத் திரைக்கதை எழுத்தாளராக அறிந்திருந்தார்கள்.

மேல் எகிப்திலிருந்து, அதாவது நாட்டின் தெற்கிலிருந்து, பிழைக்க வந்த ஹரீதி, கெய்ரோவின் மொத்தக் காய்கறிச் சந்தைக்குள் நுழைகிறான். வந்ததும் வாங்குவது பிடரியில் அடி. சந்தையின் விலையைத் தன் விரலில் ஆட்டிவைக்கும் அபூ ஸைத் என்ற முதலாளியிடம் வேலைக்குச் சேர்கிறான், கழுதைக்குப் பதிலாக வண்டி இழுக்கிறான், தொழிலைக் கற்றுக்கொள்கிறான், எதிர்க்கிறான், வெல்கிறான். வென்ற பிறகு என்ன ஆகிறான் என்பதுதான் படம். தொடக்கக் காட்சியை மனதில் நிறுத்தி வையுங்கள். அபூ ஸைதாக வரும் ஸக்கி ருஸ்தும் குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறார். சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்ணாகத் தஹியா காரியோகா வருகிறார். இவருக்கு ஏழாம் இரவில் திரும்பி வருவோம்.

ஹரீதி வேடம் ஃபரீத் ஷவ்கிக்கு. இவரை ரசிகர்கள் மலிக் அத்-தெர்சோ என்பார்கள். நம் வழக்கில் தரை டிக்கெட் ராஜா. மூன்றாம் வகுப்பு இருக்கையில் உட்கார்ந்து விசில் அடிப்பவர்களின் நாயகன். நல்லவனுக்காக அடிப்பவன், கடைசியில் ஜெயிப்பவன்.

அந்தத் தரை டிக்கெட் கூட்டம் அடுத்த ஆண்டு ‘பாப் அல்-ஹதீத்’ சுவரொட்டியில் ஃபரீத் ஷவ்கியின் பெயரைப் பார்த்தது. கூடவே ஹிந்த் ருஸ்தும். கிழக்கின் மர்லின் மன்றோ என்று பத்திரிகைகள் கொண்டாடிய நடிகை. அடிதடியும் ஆட்டமும் உறுதி என்று டிக்கெட் எடுத்துப் போனார்கள். திரையில் வந்தவனோ கெய்ரோ ரயில் நிலையத்தில் பத்திரிகை விற்கும், கால் ஊனமான ஒருவன். கினாவி என்று பெயர். அவனாக நடித்தவர் இயக்குநர் ஷாஹீனே. பெண்களின் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் தன் குடிசைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறான். ரயிலில் களவாகக் குளிர்பானம் விற்கும் ஹனூமாவை வெறிகொண்டு பார்க்கிறான். அவளைக் கட்டப்போகிறவன் அபூ ஸரீஃ, போர்ட்டர்களுக்குச் சங்கம் அமைக்கப் பாடுபடுபவன். ஷவ்கியின் வேடம் அது. வேறு எந்தப் படத்திலும் அவன்தான் கதாநாயகன். இங்கே கேமரா அவனை விட்டுவிட்டு, அவனை ஒளிந்து பார்க்கும் கண்ணின் பக்கம் நிற்கிறது.

ரசிகர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். தாங்கள் பணம் கொடுத்து வாங்கிய நாயகனைப் பறித்துக்கொண்டு, காமமும் அவமானமும் பிடித்தாட்டும் ஒருவனின் கண் வழியாகப் பார்க்க வைத்துவிட்டார் ஷாஹீன். அதுதான் படத்தின் துணிச்சலும். ஷவ்கியை முந்தின இரவு சந்தையில் பார்த்து, அவர் பக்கம் சாய்ந்து, மறுநாள் இந்தப் படத்துக்கு வந்தால் அந்த ஏமாற்றம் உங்களுக்கும் கிடைக்கும். நேராக இதிலிருந்து தொடங்குபவருக்கு அது கிடைக்காது. ஐரோப்பிய பாணியில் எடுத்த திறமையான திகில் படம் என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான படம் இது. அதற்குள் ரயில் நிலையம் ஒரு நாடாகவே விரிகிறது: வெளிநாடு போகும் காதலனை வழியனுப்ப ஒளிந்து நிற்கும் பெண், தொழிற்சங்கப் பேச்சு, ரயில் பெட்டிக்குள் ராக் அண்ட் ரோல் வாசிக்கும் இளைஞர்கள், அந்த இசைக்கு ஹனூமா கையில் பாட்டில்களோடு ஆடும் ஆட்டம். உள்ளூரில் தோற்ற படத்தை எகிப்து அதே ஆண்டு ஆஸ்கருக்கு அனுப்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் இரவு: ஃபாத்தின் ஹமாமா

ஃபாத்தின் ஹமாமா இல்லாமல் எகிப்திய வாரம் நடத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1940இல் குழந்தையாகத் திரைக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் நடித்தவர். உமர் ஷரீஃபை உலகம் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் 1962இல் கண்டது, அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1954இல், ஷாஹீன் படத்தில் ஃபாத்தினுக்கு ஜோடியாக அவர் அறிமுகமாகியிருந்தார். மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள்.

நான் தேர்ந்தெடுப்பது ‘துஆ அல்-கரவான்’, 1959, ஹென்றி பரகாத் இயக்கம். தாஹா ஹுசைனின் 1934 நாவல். சிறு வயதிலேயே பார்வை இழந்தவர், பேராசிரியர், பிற்பாடு கல்வி அமைச்சர். கரவான் என்பது நம்மூர்க் கண்கிலேடியின் இனத்துப் பறவை. இரவில் அதன் குரல் கேட்பவரை என்னவோ செய்யும்.

தகப்பன் செய்த தவறுக்காகத் தாயும் இரு மகள்களும் ஊரைவிட்டு விரட்டப்படுகிறார்கள். மூத்தவள் ஹனாதி ஒரு நீர்ப்பாசனப் பொறியாளர் வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். அவன் அவளைக் கெடுக்கிறான். குடும்ப மானத்தின் பெயரால் தாய்மாமன் அவளைப் பாலைவெளியில் கொல்கிறான். வானத்தில் கரவானின் குரல். இளையவள் ஆம்னா பழிவாங்கச் சபதம் எடுத்து, அதே பொறியாளர் வீட்டுக்கு வேலைக்காரியாகப் போகிறாள்.

ஃபாத்தின் இங்கே அதிகம் பேசுவதில்லை. அறைக்குள் தட்டைக் கொண்டுவந்து வைப்பது, கதவோரம் நிற்பது, அவன் நெருங்கும்போது அரை அடி விலகுவது. வெறுப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று தேடினால் குறிப்பிட்ட ஷாட் ஒன்றைக் காட்ட முடியாது. அவள் பழிவாங்க வேண்டியது பொறியாளனையா, கத்தியைப் பிடித்த மாமனையா என்ற கேள்வியைப் படம் கேட்டுவிட்டு நம்மிடம் விட்டுவிடுகிறது. படத்தின் முடிவு நாவலின் முடிவு அல்ல. நாவல்தான் தைரியமானது என்பது என் எண்ணம். ஆனால் 1959 ரசிகர் முன் பரகாத் வேறு மாதிரி முடித்திருக்க முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பரகாத்தும் ஃபாத்தினும் 1965இல் கூலி விவசாயிகளைப் பற்றி எடுத்த ‘அல்-ஹராம்’ இன்னும் கடினமான படம். முதல் வாரத்துக்கு வேண்டாம், அதற்கென்று ஒரு மாலை ஒதுக்கிப் பாருங்கள்.

பிரதிகள் பற்றி

நடுவில் ஒரு நடைமுறை விஷயம். இந்தப் படங்களின் நெகட்டிவ்களும் ஒளிபரப்பு உரிமைகளும் எகிப்தை விட்டு நிறையவே வெளியேறிவிட்டன. ரோத்தானா, ஏஆர்டி போன்ற சவூதி முதலாளிகளின் தொலைக்காட்சி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தன. ஆகவே ஒரு வாரம் நடத்த நினைப்பவர் தூதரகப் பண்பாட்டு அலுவலகத்தோடு மட்டும் பேசி முடித்துவிட முடியாது. கையில் கிடைக்கும் பிரதி எது என்பதே பல நேரம் பட்டியலைத் தீர்மானிக்கிறது. மீட்டெடுத்த படங்களுக்கு முதலிடம் கிடைப்பதற்கு ரசனையோடு இதுவும் ஒரு காரணம்.

இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் தொலைக்காட்சிப் பிரதிகள். மூலையில் சேனல் முத்திரை இருக்கும், சில இடங்களில் வெட்டும் இருக்கும். 1952க்கு முந்தைய படங்களில் சுவரில் மாட்டிய படம் ஒன்று கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் பிரதி கெட்டுப்போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அது பாரூக் மன்னரின் படம். புரட்சிக்குப் பிறகு அழித்திருக்கிறார்கள்.

ஆறாம் இரவு: மூமியா

இப்போது ‘அல்-மூமியா’வுக்கு நேரம் வந்துவிட்டது. 1881இல் தெற்கு எகிப்தின் தைர் அல்-பஹ்ரிக்கு அருகே பழங்கால மன்னர்களின் பதப்படுத்திய உடல்கள், அதாவது மம்மிகள், மொத்தமாக ஒரே குழியில் கண்டெடுக்கப்பட்ட உண்மைச் சம்பவம். அதற்கு முன்பே அந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, நகைகளை ஒவ்வொன்றாக விற்றுப் பிழைத்த மலைக் குடும்பம் ஒன்று. தகப்பன் இறந்ததும் ரகசியம் மகன் வனீஸிடம் வருகிறது. இறந்தவர்களை விற்றுத்தான் நாம் சாப்பிட்டோமா என்பது அவனுடைய கேள்வி.

அப்துஸ்ஸலாம் கட்டடக்கலை படித்து, செட்டும் உடையும் வடிவமைத்து வந்தவர். ஒவ்வொரு ஷாட்டும் அதைக் காட்டும். பாத்திரங்கள் தெருப் பேச்சில் பேசாமல் செவ்வியல் அரபில், கல்வெட்டு வாசிப்பதுபோலப் பேசுகிறார்கள். ஐந்து இரவு கெய்ரோப் பேச்சின் சளசளப்பைக் கேட்ட காதுக்கு, அரபு தெரியாவிட்டாலும், இந்த மாற்றம் கேட்டுவிடும். ராபர்ட்டோ ரொசெல்லினி ஆதரவு தந்த படம். 2009இல் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் உலக சினிமா அறக்கட்டளை இதை மீட்டெடுத்தது. அந்தப் பிரதியில் பார்க்க முடிந்தால் மட்டுமே பாருங்கள். விடியலும் அந்தியுமாக எடுத்த ஒளியை மங்கிய பிரதியில் பார்ப்பது வீண்.

அன்று பிற்பகலில் ஒரு காட்சி சேர்க்க முடிந்தால் 1966இல் வந்த ‘மிராத்தி முதீர் ஆம்’ போட்டுவிடலாம். கணவன் வேலை பார்க்கும் அரசு நிறுவனத்துக்கே மனைவி தலைமை அதிகாரியாக வருகிறாள். ஷாதியாவும் ஸலாஹ் துல்ஃபிகாரும். கனமான இரவுக்கு முன் சிரித்துவிட்டுப் போவது உடம்புக்கும் நல்லது.

ஏழாம் இரவு: ஜூஜூ

கடைசியாக ‘கல்லி பாலக் மின் ஜூஜூ’, 1972. ஹஸன் அல்-இமாம் இயக்கம். திரைக்கதையிலும் பாடல்களிலும் கவிஞர் ஸலாஹ் ஜாஹீனின் கை. சுஆத் ஹுஸ்னி பல்கலைக்கழக மாணவி ஜூஜூ. கெட்டிக்காரி, எல்லாருக்கும் செல்லம். அவள் அம்மா கல்யாண வீடுகளில் ஆடும் நடனக்காரி என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. காதலிப்பது பணக்கார வீட்டுப் பையனை. அந்த வீட்டு விழாவுக்கே அம்மாவை ஆட வரவழைத்து அவமானப்படுத்த ஏற்பாடு நடக்கிறது. வயதான, உடல் பெருத்த அம்மா கூட்டத்தின் நடுவே ஆட நிற்கிறாள். ஜூஜூ பார்க்கிறாள். அம்மாவை விலக்கிவிட்டுத் தானே ஆடத் தொடங்குகிறாள்.

1967 போரில் தோற்ற நாடு அப்போது இன்னும் எழுந்திருக்கவில்லை. முன்னாள் அதிபர் நாசருக்காகப் புரட்சிப் பாட்டு எழுதிய ஜாஹீனா இப்படிப் பாட்டும் ஆட்டமுமாக இறங்கிவிட்டார் என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். படம் கெய்ரோவில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. பட வாரங்களில் இதை வெகு அபூர்வமாகவே பார்க்க முடிகிறது.

அம்மாவாக வருபவர் தஹியா காரியோகா. சந்தைப் படத்தில் பார்த்தோமே, அவர்தான். பதீஆ மஸப்னியின் கேளிக்கை அரங்கில் ஆடத் தொடங்கி எகிப்தின் மிகப்பெரிய நடனக் கலைஞரானவர். 1950களில் அரசியல் காரணத்துக்காகச் சிறைக்கும் போய்வந்தவர். அந்த விழாக் காட்சியில் அரங்கிலிருந்த ஒவ்வொருவருக்கும் இவர் இளமையில் எப்படி ஆடினார் என்பது நினைவிருந்தது. வெளியூர்ப் பார்வையாளருக்கு அந்த நினைவு இருக்காது. முடிந்தால் அவருடைய 1940களின் நடனக் காட்சி ஒன்றை முதலில் திரையிட்டுவிட்டு இந்தப் படத்தைப் போடலாம். கெய்ரோவில் வளர்ந்த பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீத், சிறுவனாக அவர் ஆடுவதை நேரில் பார்த்ததையும் பல்லாண்டுகள் கழித்து அவரைத் தேடிப் போய்ச் சந்தித்ததையும் வைத்து 1990இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். படம் பார்த்துவிட்டு அதை வாசியுங்கள்.